எதிர்மறை எண் எதைச் சொல்கிறது?

ஃபாக்ஸ்பி2 மரபணு பழுதானால் பேச்சு தடுமாறும் என்பது 2001இல் தெரியவந்தது. மறு ஆண்டே 'நேச்சர்' இதழில் அடுத்த செய்தி: மனிதரிடம் இந்த மரபணு கடந்த 2 லட்சம் ஆண்டுகளுக்குள் இயற்கைத் தேர்வால் வேகமாகப் பரவியிருக்கலாம். பத்திரிகைகள் சும்மா இருக்குமா? 'மொழி மரபணு' என்று பட்டமே கட்டிவிட்டன.

சான்றுகளில் ஒன்று 'தஜிமாவின் டி'. ஜப்பானிய மரபியலர் ஃபுமியோ தஜிமா 1989இல் வகுத்த சோதனை இது. ஆய்வுக்கு எடுத்தவர்கள் 20 பேர், அதாவது டிஎன்ஏ பிரதிகள் 40. அவற்றில் ஒரே ஒரு பிரதியில் மட்டும் ஓர் எழுத்து மாறியிருப்பதாக வைத்துக்கொள்வோம். மாறிய இடங்களை எண்ணி, மாதிரியின் அளவுக்கேற்ப வகுத்தால் பன்மைக் கணக்கில் அது சுமார் 0.24 கூட்டும். இரண்டிரண்டு பிரதிகளாக ஒப்பிட்டாலோ 780 ஜோடிகளில் 39இல்தான் வேறுபாடு தெரியும்; சராசரியில் 0.05 மட்டுமே ஏறும். இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்து, அந்த வித்தியாசத்தை அதன் திட்டவிலக்கத்தால் வகுத்துப் பெறுவதுதான் டி. அரிய திரிபுகள் பெருகப் பெருக அது எதிர்மறையாகச் சரியும்.

நன்மை தரும் ஒரு திரிபு பரவும்போது அக்கம்பக்கத்துப் பழைய வேறுபாடுகளைத் துடைத்துவிடும். பிறகு முளைப்பவை எல்லாம் அரிய திரிபுகளே. ஆனால் மக்கள்தொகை பெருகினாலும் இதே கோலம்தான். மாதிரியில் யாரை எவ்வளவு சேர்த்தோம் என்பதும் எண்ணை மாற்றும். பூஜ்யத்திலிருந்து விலகியதும் "தேர்வு!" என்று கூவுவது அவசரம்.

ஃபாக்ஸ்பி2 விஷயத்தில் நடந்தது அதுதான். மனிதருக்கே உரியவை எனக் கருதப்பட்ட இரு அமினோ அமில மாற்றங்கள் நியாண்டர்தாலிடமும் இருந்தது 2007இல் தெரிந்தது. 2018இல் 'செல்' இதழில் வந்த மறுஆய்வு, ஆப்பிரிக்கர்களைப் போதிய அளவு சேர்த்துப் பார்த்தது. அண்மைத் தேர்வின் தடயம் கிடைக்கவில்லை.

மக்கள்தொகை மாற்றம் மரபுத்தொகை முழுவதையும் தொடும். தேர்வு குறிப்பிட்ட இடத்தைத் தொடும். ஆகவே ஒரு மரபணுவின் எண்ணை மற்றவற்றோடு ஒப்பிடுவார்கள். அதிலும் கண்ணி உண்டு: 20,000 மரபணுக்களை வரிசைப்படுத்தினால் கடைசி 1 சதவீதத்தில் 200 இருந்தே தீரும், தேர்வு நடந்தாலும் நடக்காவிட்டாலும்.

வலுவான வழக்கு எப்படி இருக்கும் என்பதற்கு, பெரியவர்களான பிறகும் பாலைச் செரிக்க உதவும் ஐரோப்பியத் திரிபைச் சொல்லலாம். அதைச் சுற்றி நெடுந்தூரம் கலையாத டிஎன்ஏ இருக்கிறது. லாக்டேஸ் மரபணுவை அது தூண்டுவதை ஆய்வகம் காட்டியது. காலப்போக்கில் அது பெருகியதற்குப் பழைய எலும்புகளே சாட்சி. ஃபாக்ஸ்பி2 பேச்சுக்குத் தேவை என்பதில் இன்றும் மாற்றமில்லை. அண்மையில் தேர்வால் பரவியது என்ற கூற்றுக்குத்தான் ஆதாரம் இல்லாமல் போயிற்று.