கடைமடையில் நமக்கு அடுத்திருப்பவர்



வெள்ளியங்கிரி மலையில் பிறக்கும் நொய்யல், கோவை, திருப்பூர் வழியே ஓடி, கரூர் மாவட்டத்தில் காவிரியில் கலக்கிறது. மழை குறைந்த இப்பகுதியில் பாசனத்திற்காக 1992இல் ஒரத்துப்பாளையம் அணை கட்டப்பட்டது. ஆனால் அங்கே தேங்கியதோ திருப்பூர் பனியன் துணிகளின் சாயக்கழிவு. கிணறுகள் உப்பாயின, வயல்கள் தரிசாயின. 2011இல் உயர்நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோது தொழிலாளர்கள் வேலை இழந்தனர். இன்று கழிவுநீரை வெளியே விடாமல் சுத்திகரித்து, மீண்டும் பயன்படுத்துவது கட்டாயம்.

தமக்கு அடுத்திருப்பவர் யார் என்று திருச்சட்ட அறிஞர் இயேசுவிடம் கேட்டார். நமக்கு அடுத்திருப்பவர் பக்கத்து வீட்டார் மட்டுமல்லர். ஆற்றின் கடைமடையில் கிணற்று நீரை நம்பியிருக்கும் உழவரும்தான். அவரை மறந்து நாம் சம்பாதிக்கும் கூலி ஆசீராகுமா? சிந்திப்போம்.