இரண்டு பட்டியல்கள் கைகோத்தால்

1854-இல் தென் இலண்டனில் காலரா பரவியது. இறந்தோர் பட்டியலில் வீட்டு முகவரி இருந்தது. அந்த வீட்டுக்கு எந்தக் கம்பெனியின் குடிநீர் வந்தது என்பது இல்லை. டாக்டர் ஜான் ஸ்நோ வீடு வீடாகப் போய் விசாரித்தார். வீட்டாருக்கே தெரியாவிட்டால், நீரில் சில்வர் நைட்ரேட் விட்டு, உப்பின் அளவைக் கொண்டு கம்பெனியைக் கண்டுகொண்டார். (வேதியியல் எங்கெல்லாம் உதவுகிறது, பாருங்கள்!)

இதையே கணிப்பொறியில் செய்வோம். வீடுகளும் கம்பெனியும் ஓர் அட்டவணை. சாவுகள் மற்றோர் அட்டவணை. இரண்டிலும் பொதுவாக உள்ளது முகவரி. அதை வைத்து வரியோடு வரியைச் சேர்ப்பதே 'ஜாயின்', அதாவது இணைப்பு. அட்டவணைகளை இவ்வாறு கையாளும் முறையை 1970-இல் வெளியிட்டவர் ஐ.பி.எம். ஆய்வாளர் எட்கர் காட்.

இங்கே ஒரு பொறி உண்டு. சாதாரண இணைப்பு, இரண்டு அட்டவணைகளிலும் ஜோடி உள்ள வரிகளை மட்டுமே தரும். சாவு நேராத வீடுகள் சத்தமின்றி உதிர்ந்துவிடும்! வீடுகளை இடப்புறம் வைத்து 'லெஃப்ட் ஜாயின்' செய்தால் அவையும் நிற்கும். சாவுக்கான கட்டம் மட்டும் வெறுமையாக இருக்கும்.

அந்த வீடுகள் நமக்கு எதற்கு? சவுத்வார்க்-வாக்ஸால் கம்பெனிக்கு 40,046 வீடுகள், 1,263 சாவுகள். லாம்பெத் கம்பெனிக்கு 26,107 வீடுகள், 98 சாவுகள். வகுத்துப் பாருங்கள்: பத்தாயிரம் வீடுகளுக்கு முறையே சுமார் 315, 37! முதல் கம்பெனி சாக்கடை கலந்த தேம்ஸ் நீரை நகருக்குள்ளேயே எடுத்தது. லாம்பெத் 1852-லேயே ஆற்றின் மேற்பகுதிக்குப் போயிருந்தது.