வாங்காத சரக்குக்கு வரும் பில்
புன்னக்காயல் சுற்றுவட்டார நிலச்சுவான்தாரரும் கிராம உத்தியோகஸ்தரும் கவனிக்க வேண்டிய விஷயங்கள்

தாம்பிரபர்ணி நதி கடலோடு சேரும் புன்னக்காயலுக்கு அருகில் உள்ள பழையகாயல், 13-ஆம் நூற்றாண்டில் பெரிய துறைமுகமாக விளங்கிற்று. மார்க்கோ போலோ தமது யாத்திரை நூலில் புகழ்ந்துரைத்த காயல் இதுவே என்று கால்டுவெல் பாதிரியார் நிர்ணயித்தார். அக்காலத்தில் பாரசீக வளைகுடாவிலிருந்து பாண்டிய ராஜ்யத்துத் துறைகளுக்குக் குதிரைகள் கப்பல் கப்பலாய் வந்திறங்கின. குதிரை ஒன்றுக்கு 220 பொன் தினார் விலை என்றும், கடற்பயணத்தில் குதிரை ஊனமுற்றாலும் இறந்துபோனாலும் அதன் விலையை அரசாங்கப் பொக்கிஷமே செலுத்த வேண்டும் என்றும் ஏற்பாடு இருந்ததாகப் பாரசீக சரித்திராசிரியர் வஸ்ஸாப் எழுதிவைத்துள்ளார். கண்ணால் காணாத குதிரைக்கும் பாண்டியன் பணம் கொடுத்தான். ஏனெனில் அவ்விதம் கொடுப்பதாக முன்னரே ஒப்புக்கொண்டிருந்தான்.

இதற்கு நேர்மாறான வழக்கு ஒன்று 1862-ஆம் வருஷம் இங்கிலாந்தில் நடந்தது. பெல்ட்ஹவுஸ் என்பவர் தம் சகோதரர் மகனுடைய குதிரையை 30 பவுன் 15 ஷில்லிங்குக்குக் கேட்டு, ‘மறுமொழி வராவிட்டால் குதிரை என்னுடையதே என்று எண்ணிக்கொள்வேன்’ என்ற கருத்தில் கடிதம் எழுதினார். மறுமொழி வரவில்லை. பின்னர் ஏலம் போடுபவர் தவறுதலாக அக்குதிரையை விற்றுவிட, அவர் மேல் பெல்ட்ஹவுஸ் வழக்குத் தொடுத்துத் தோற்றார். ஒருவன் பேசாமல் இருந்ததைக் கொண்டு அவன் பேரத்துக்கு உடன்பட்டான் என்று கொள்ள முடியாது என நீதிபதிகள் தீர்மானித்தனர். 1872-ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டமும், ஒப்புதல் நிபந்தனையற்றதாகவும் வெளிப்படையாகவும் இருத்தல் வேண்டும் என்று 7-வது பிரிவில் விதிக்கிறது. கேளாத சரக்கை அனுப்பி, ‘ஒரு வாரத்தில் பதில் இல்லாவிடில் வாங்கியதாகக் கருதப்படும்’ என்று அச்சடித்து அனுப்பும் வியாபாரியின் பயமுறுத்தலுக்கு இவ்வளவே பெறுமானம்.

ஆனால் இத்தோடு விஷயம் முடிந்துவிடவில்லை. அதே சட்டத்தின் 70-வது பிரிவு விவசாயிகள் அவசியம் அறிந்திருக்க வேண்டியதாகும். அச்சட்டமே அதற்கு ஓர் உதாரணமும் தருகிறது: வியாபாரி ஒருவர் தவறுதலாக இன்னொருவர் வீட்டில் சரக்கை வைத்துவிட்டுப் போகிறார், வீட்டுக்காரர் அதைத் தம்முடையதாகப் பாவித்து உபயோகித்துக் கொள்கிறார், அவர் விலை கொடுக்கக் கடமைப்பட்டவர். களத்தில் யாரோ இறக்கிவிட்டுப் போன உர மூட்டையை, ‘கேட்டு வராததுதானே’ என்று பிரித்து வாழைக்குப் போட்டுவிட்டால் மறுக்கும் உரிமை போய்விடுகிறது. பிரிட்டனில் 1971-ஆம் வருஷம் ஒரு சட்டம் செய்து, கேளாமல் அனுப்பிய சரக்கை 6 மாதத்திற்குள் திரும்ப எடுத்துக்கொள்ளாவிடில் அது பெற்றவருக்கே சொந்தம் என்று விதித்தார்கள். இந்தியாவில் அவ்விதச் சட்டம் இல்லை. ஆகையால் மூட்டையைப் பிரிக்காமல், மழையில் நனையாத இடத்தில் வைத்து, எடுத்துப் போகும்படி அனுப்பியவருக்கு எழுதிவிடுவதே முறை.

பில் கைக்கு வந்தவுடன் மோசடி என்று கூச்சலிடுவதும் தவறு. வீட்டுக்குள் விசாரிப்பதே முதல் வேலை. ஆத்தூர், முக்காணி, ஏரல், சேர்ந்தபூமங்கலம் பக்கங்களில் நிலம் ஒருவர் பேரிலும் சாகுபடி வேறொருவர் கையிலுமாக இருப்பது சகஜம். குத்தகைதாரரோ, வாரதாரரோ, காரியஸ்தரோ, கல்லூரிக்குப் போகும் மகனோ நிலச்சுவான்தாரர் பேரைச் சொல்லிச் சரக்கு எடுத்திருக்கக்கூடும். காரியஸ்தர் கடனுக்கு வாங்கியதற்கெல்லாம் முதலாளி மறுக்காமல் இதுவரை பணம் கட்டிவந்திருந்தால், அடுத்த தடவையும் கட்டுவார் என்று கடைக்காரர் நம்புவது நியாயமே. சட்டமும் அந்நம்பிக்கையைப் பெரும்பாலும் ஆதரிக்கும். காரியஸ்தரை விலக்கிவிட்டவர்கள் அச்செய்தியைக் கடைகளுக்கு எழுத்து மூலமாய்த் தெரிவித்தாக வேண்டும். இதைச் செய்பவர் சிலரே. குத்தகைச் சீட்டில் ‘உரக்கடன் குத்தகைதாரரையே சாரும்’ என்று ஒரு வரி சேர்ப்பதும் நலம். எனினும் கடைக்காரருக்குத் தெரிவிக்கப்படாத வரி அவரைக் கட்டுப்படுத்தாது.

பெயர் மயக்கம் மற்றொரு காரணம். புன்னக்காயலில் பெர்னாண்டோ என்ற பட்டப்பெயர் உடையவர் பலர். அவர்களில் சவேரியார், அந்தோணியார் பெயர் கொண்டோரும் பலர். ஆற்றின் மேற்பக்கம் சென்றால் சுடலைமுத்துக்களுக்கும் இசக்கிமுத்துக்களுக்கும் குறைவில்லை. தகப்பனார் பெயர், சர்வே எண் ஆகிய இரண்டையும் ஒத்துப் பார்த்தாலே பாதி பில்களின் மர்மம் விளங்கிவிடும்.

இனி, வேண்டுமென்றே எழுதப்படும் பொய்ப் பில். மானிய உர விற்பனையில் இதற்கு ஒரு தனிக் காரணம் உண்டு. 2018-ஆம் வருஷம் முதல் நாடெங்கும், சில்லறைக் கடையிலுள்ள விற்பனை இயந்திரத்தில் வாங்குபவருடைய ஆதார் முதலிய அடையாளத்தோடு விற்பனை பதிவான பிறகே உரக் கம்பெனிக்கு சர்க்கார் மானியம் சேருகிறது. யூரியா 45 கிலோ மூட்டைக்கு விவசாயி கொடுப்பது வேம்புப் பூச்சும் வரியும் உட்பட ஏறக்குறைய ரூ.266.50, எஞ்சிய பெரும் பாகத்தை சர்க்காரே ஏற்கிறது. இவ்வளவு மலிவான யூரியாவை ஒட்டுப்பலகைப் பசை முதலிய தொழில்களுக்குத் திருட்டுத்தனமாய்த் திருப்பினால் கொள்ளை லாபம். திருப்பிய மூட்டை இயந்திரக் கணக்கில் இருப்பாகவே நிற்கும். அதைக் கழிக்க ஒரு விவசாயியின் பெயரும் விரல் ரேகையும் தேவைப்படுகின்றன. 2 மூட்டை வாங்கியவர் பேரில் 20 மூட்டை ஏறுவது இவ்வாறுதான். ஜில்லாதோறும் மாதத்தில் மிக அதிகமாக யூரியா வாங்கியதாகப் பதிவான 20 பேரை நேரில் விசாரிக்கும்படி மத்திய சர்க்கார் மாகாண சர்க்கார்களைக் கேட்டுக்கொண்டதும் இதன் பொருட்டே. அவ்விசாரணை அதிகாரி வாசலில் வந்து நிற்கும்போதுதான் தம் பெயரில் இத்தனை மூட்டை ஏறியிருப்பது விவசாயிக்கே தெரியவரும்.

ரேகை வைத்தவுடன் இயந்திரம் தரும் அச்சுச் சீட்டைக் கேட்டு வாங்காமல் கடையை விட்டு இறங்கலாகாது. 1985-ஆம் வருஷத்து உரக் கட்டுப்பாட்டு ஆணையின் 5-வது விதிப்படி, ரொக்கமாயினும் கடனாயினும் ஒவ்வொரு விற்பனைக்கும் பில் கொடுக்க வியாபாரி கடமைப்பட்டவர். ‘ரேகை விழவில்லை, மறுபடி வையுங்கள்’ என்று இரண்டு மூன்று தடவை கேட்கப்பட்டால், எத்தனை சீட்டு வெளிவந்தன என்று எண்ணிப் பார்ப்பது மரியாதைக் குறைவன்று.

பில்லையே ஊன்றிப் படித்தாலும் பல உண்மைகள் வெளியாகும். 2018-ஆம் வருஷத்திற்குப் பின் வேம்புப் பூச்சுள்ள மானிய யூரியா 45 கிலோ மூட்டையாகவே வருகிறது. 50 கிலோ என்று எழுதிய புதிய பில் சந்தேகத்திற்குரியது. சரக்கு சேவை வரி எண் 15 எழுத்துக்களும் இலக்கங்களும் கொண்டது. தமிழ்நாட்டு வியாபாரியின் எண் 33 என்று தொடங்கும். தேதியும் முக்கியமானது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டி, ஸ்ரீவைகுண்டம், ஏரல், ஆத்தூர் பிரதேசங்கள் வெள்ளத்தில் மூழ்கின. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோய்ப் பிரயாணிகள் மீட்கப்படவே நாட்களாயின. அந்த நாட்களில் ஏரல் வயலுக்கு லாரியில் உரம் இறக்கியதாக ஒரு பில் வந்தால், எந்த ரஸ்தா வழியாக இறக்கினீர்கள் என்ற ஒரு கேள்வியே போதும்.

இவ்விடத்தில் கிராம உத்தியோகஸ்தரின் உதவி மிகவும் பயன்படும். கிராம முன்சீப், கர்ணம் முதலிய பரம்பரைப் பதவிகள் 1980-ல் ஒழிந்து, அவ்வேலைகள் கிராம நிர்வாக அலுவலரிடம் வந்தன. அடங்கல் எழுதும் கடமையும் அவருடையது. 1433-ஆம் பசலியில் ஒரு சர்வே எண் தரிசாய்க் கிடந்தது என்று அடங்கல் கூறுமாயின், அந்நிலத்து நெல்லுக்கு அவ்வருஷம் பூச்சிமருந்து விற்றதாகச் சொல்லும் கணக்கு நிற்பது கடினம். பயிரை நேரில் பாராமல் போன வருஷத்து அடங்கலையே பார்த்தெழுதும் வழக்கம் எவ்வளவு தீமை விளைக்கும் என்பது இத்தகைய தருணத்தில்தான் புலப்படும். ‘பாதியைக் கொடுத்து முடித்துவிடும்’ என்று ஊர்ப் பெரியவர்களும் உத்தியோகஸ்தரும் சமாதானம் பேசுவது நல்லெண்ணத்தினால் என்றாலும் அது கெடுதலே. இல்லாத கடனில் பாதி கொடுத்தவர் கடன் இருந்ததென்று தாமே சாட்சி சொன்னவராகிறார். அன்றியும், விற்ற சரக்கின் விலைக்கு வழக்கிடும் காலவரம்பு சாதாரணமாய் 3 வருஷம். அக்காலம் முடிவதற்குள் ‘அறுவடைக்குப் பின் தருகிறேன்’ என்று எழுதிக் கையெழுத்திட்டாலும், கையெழுத்துடன் ஒரு சிறு தொகை கட்டினாலும் அந்த 3 வருஷம் புதிதாய்த் தொடங்கும்.

கடைக்காரர் பேரேட்டைக் காட்டிப் பயமுறுத்துவதும் உண்டு. 2024 ஜூலை 1 முதல் அமலிலுள்ள பாரதிய சாட்சியச் சட்டத்தின் 28-வது பிரிவு, முந்திய 1872-ஆம் வருஷத்துச் சட்டத்தைப் போலவே, கணக்குப் புத்தகப் பதிவு சாட்சியமாக ஏற்கத்தக்கதாயினும் அது ஒன்றைக் கொண்டு மட்டும் ஒருவர்மேல் கடனைச் சுமத்த முடியாது என்கிறது. ஆர்டர் கடிதம், சரக்கைப் பெற்றுக்கொண்ட கையெழுத்து, வண்டி எண் முதலியவற்றை வியாபாரியே காட்டியாக வேண்டும். கோர்ட்டு சம்மன் வந்தபின் மட்டும் அலட்சியம் கூடவே கூடாது. ‘நான் வாங்கவே இல்லையே, எதற்குப் போக வேண்டும்’ என்று வீட்டிலிருப்பவர் மேல் ஒருதலைத் தீர்ப்பு ஆகிவிடும். அதை ரத்து செய்யக் கோருவதற்கு 30 நாளே தவணை. வக்கீல் வைக்க வசதியற்றவர்கள் தாலுகா சட்டப் பணிக் குழுவை அணுகலாம். 1987-ஆம் வருஷத்துச் சட்டப்படி அதற்குத் தகுதியுள்ளோருக்கு இலவச உதவி கிடைக்கும்.

பில்லைவிடப் பெரிய ஆபத்து, பேரில் ஏறும் பாங்குக் கடன். தஞ்சாவூர் ஜில்லா திருமண்டங்குடியில் திருஆரூரான் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு போட்ட விவசாயிகள், தாங்கள் கையில் வாங்காத பல கோடி ரூபாய்க் கடன் தங்கள் பெயர்களில் பாங்குகளில் பெறப்பட்டதாக முறையிட்டு, கரும்புப் பாக்கியும் கேட்டு, 2022 நவம்பர் 30 முதல் ஆலை வாசலில் தொடர் போராட்டம் நடத்தினர். ஆலை கைமாறிய பின்னும் பாங்குக் கணக்கில் அவர்கள் பெயர் கடன்காரராகவே நின்றதுதான் அவர்களுடைய பெரும் வேதனை. ஆலை, வியாபாரி, தரகர் யாராயினும் நீட்டும் பூர்த்தி செய்யாத பாரத்தில் கையெழுத்திடுவதன் அபாயம் இது. தம் பேரில் என்னென்ன கடன் உள்ளதென்று கடன் தகவல் கம்பெனிகளிடம் வருஷத்திற்கு ஒரு தடவை இலவசமாய் அறிக்கை பெறலாம். தவறான பதிவு குறித்துப் புகார் செய்து 30 நாளில் தீராவிடில், அதன்பின் நாளொன்றுக்கு ரூ.100 நஷ்டஈடு தர வேண்டும் என்று ரிசர்வ் பாங்கு விதித்த ஏற்பாடு 2024 ஏப்ரல் முதல் அமலில் இருக்கிறது.

கைப்பேசியில் வரும் பொய்ப் பில்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ‘மின்கட்டணம் பாக்கி, இன்றிரவு இணைப்பு துண்டிக்கப்படும்’ என்ற செய்தியிலுள்ள எண்ணுக்குப் பேசாமல், மின்வாரிய அலுவலகத்தில் நேரே கேட்க வேண்டும். பணம் பெறுவதற்கு ரகசிய எண் ஒருபோதும் தேவையில்லை. பணம் பறிபோயிருந்தால் தாமதமின்றி 1930 என்ற எண்ணுக்குத் தெரிவிக்க வேண்டும்.

மற்றப் பில்களுக்கு மறுப்புக் கடிதம் சுருக்கமாய் இருத்தல் நலம். பின்வரும் வாசகம் போதும்:

‘ஐயா, தங்கள் இன்ன தேதியிட்ட இன்ன எண்ணுள்ள பில் இன்ன தேதியில் எனக்குக் கிடைத்தது. அதில் கண்ட சரக்கை நான் கேட்கவுமில்லை; நானோ என் அனுமதி பெற்ற வேறெவருமோ பெற்றுக்கொள்ளவுமில்லை. அத்தொகைக்கு நான் கடமைப்பட்டவன் அல்லன். ஆர்டர், சரக்கு ஒப்படைத்த ரசீது, வண்டி எண் ஆகியவற்றின் நகல்களை 15 நாட்களுக்குள் அனுப்பவும். அல்லது பில்லை ரத்து செய்து எழுத்து மூலம் தெரிவிக்கவும்.’

இதைத் தபாலில் ஒப்புகைச் சீட்டுடன் அனுப்ப வேண்டும். உரப் பில்லாயின் ஒரு நகலை வட்டார வேளாண்மை உதவி இயக்குநருக்கும் அனுப்பலாம். அவ்வலுவலகத்தின் உர ஆய்வாளர் கடையின் இருப்பையும் இயந்திரக் கணக்கையும் ஒத்துப் பார்க்க அதிகாரம் உள்ளவர். கள்ளக் கையெழுத்தோ ரேகையோ காணப்பட்டால் போலீஸ் நிலையத்தில் தனியே புகார் எழுதிக்கொடுக்க வேண்டும். தபால் ரசீது, ஒப்புகைச் சீட்டு, பில் வந்த உறை, கடித நகல் ஆகிய நான்கையும் ஒன்றாய்க் கட்டி, தீர்வை ரசீதுகள் இருக்கும் பெட்டியிலேயே குறைந்தது 3 வருஷம் வைத்திருக்க வேண்டும்.