உப்பளம் சென்ற எழுத்தாளர்

புதுவையிலிருந்து கடற்கரைச் சாலை வழியே வடக்கு நோக்கிச் செல்வோர், மரக்காணத்தை அணுகும்போது சாலையோரத்தில் பாத்தி பாத்தியாக விரிந்து கிடக்கும் உப்பளங்களைக் காண்பர். ஒதுங்கி நிற்க அங்கு மர நிழல் இல்லை. ஆடவரும் பெண்டிரும் வெயிலில் காய்ந்த உவர்நீரில் இறங்கி, நீண்ட கழியில் பொருத்திய பலகையால் உப்பை வாரி வரப்பில் குவிப்பர். பேருந்தில் செல்வோர் ஒரு கணம் நோக்குவர், பின் மறந்துவிடுவர். இத்தகைய உப்பளத்திற்குத் தாமே சென்று, அங்கு உழைப்போருடன் பேசிப் பழகி, அவர்தம் வாழ்வைப் புதினமாக எழுதிய அம்மையார் ஒருவர் நம் தமிழகத்தில் வாழ்ந்தார். அவரே இராஜம் கிருஷ்ணன்.

திருச்சி மாவட்டத்து முசிறியில் 1925-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 5-ஆம் நாள் இவர் பிறந்தார். அக்கால வழக்கப்படி பதினைந்தாம் வயதிலேயே திருமணம் நடந்தேறியது. கல்லூரி வாயிலை மிதிக்கும் பேறு இவருக்குக் கிட்டவில்லை. கணவர் கிருஷ்ணன் மின்பொறியாளர். இல்லறக் கடமைகளுக்கிடையே கைக்கு எட்டிய நூல்களையெல்லாம் கற்று, இராஜம் தாமே எழுதவும் தொடங்கினார். 1950-இல் நியூயார்க் ஹெரால்டு டிரிப்யூன் என்னும் அமெரிக்க நாளிதழ் நடத்திய உலகச் சிறுகதைப் போட்டியில் இவரது கதை பரிசு பெற்றது. 1953-இல் ‘பெண் குரல்’ என்னும் புதினம் கலைமகள் பரிசைப் பெற்றது. அடுக்களைப் புகைக்கு நடுவே எழுதப் பழகிய கைக்கு இவை சிறிய வெற்றிகள் அல்ல.

கணவரின் பணி இவரை நீலகிரிக்கு இட்டுச் சென்றது. அங்கே படகர் என்னும் மலைவாழ் மக்களைக் கண்டார். அவர்களோடு பழகி, மொழியையும் சடங்குகளையும் கேட்டறிந்து ‘குறிஞ்சித் தேன்’ எழுதினார். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒரு முறை பூக்கும் குறிஞ்சியே அக்கதைக்குக் காலக் கணக்கு. பூ மீண்டும் மீண்டும் மலர்வதற்குள் தேயிலையும் பணப்பயிரும் அணைக்கட்டும் வந்து, மலையின் பழைய வாழ்வு மாறிப் போவதை அதில் காணலாம்.

இதன்பின் நேரிற் கண்டு எழுதுவதே இவரது நெறியாயிற்று. வீட்டிலிருந்தபடியே கற்பனையால் எழுதலாகாதா எனச் சிலர் வினவலாம். எழுதலாம், ஆனால் உப்பளத் தொழிலாளியின் காற்புண் கற்பனைக்கு எளிதில் எட்டாது. தூத்துக்குடிக்குச் சென்று இவர் எழுதிய புதினம் ‘கரிப்பு மணிகள்’. கரிப்பு என்பது உப்புச் சுவை. உவர்நீரில் நின்று நின்று பாதம் வெடித்தலும், வெண்ணிற உப்பில் பட்டுத் தெறிக்கும் வெயிலொளியால் பார்வை மங்குதலும், மழைக்காலத்தில் வேலையின்றி அடுப்பு அணைதலும் அத்தொழிலுடன் பிறந்த துன்பங்கள். பொன்னாச்சி என்னும் ஏழைப் பெண் அளத்தில் வேலைக்குச் சேர்ந்து படும் பாட்டின் வாயிலாக இவற்றை அம்மையார் உணர்த்துகிறார். இவர் கதைகளில் செய்தி மிகுந்து கதை மெலிகிறது என்று குறை கூறுவாரும் உளர். அக்குறை முற்றிலும் பொய்யன்று. ஆயினும் அச்செய்திகளை வேறெவரும் அன்று திரட்டித் தரவில்லை.

புதுவை மாணவர்க்கு இவருடைய ‘வளைக்கரம்’ தனிச் சுவை தருவதாகும். பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுவை 1954 நவம்பர் 1-ஆம் நாள் இந்தியாவுடன் இணைந்தது. கீழூரில் மக்கட் பிரதிநிதிகள் 178 பேர் கூடி வாக்களிக்க, 170 பேர் இணைப்பை விரும்பினர். கோவாவிலோ போர்ச்சுக்கீசியர் இணங்கி வெளியேறவில்லை. சிறையும் அடியும் பட்ட பின்னர், 1961 டிசம்பரில் இந்தியப் படை நுழைந்த பிறகே அம்மண் விடுதலை பெற்றது. அப்போராட்டத்தை வைத்து எழுந்ததே ‘வளைக்கரம்’. 1975-இல் அதற்குச் சோவியத் நாடு நேரு பரிசு கிடைத்தது. பாரதியாரைக் குறித்தும் இவர் ‘பாஞ்சாலி சபதம் பாடிய பாரதி’ என்னும் நூலை இயற்றினார். பாரதியார் புதுவையில் வாழ்ந்த காலத்தில்தான் பாஞ்சாலி சபதத்தின் முதற்பாகம் 1912-இல் வெளிவந்தது.

‘வேருக்கு நீர்’ என்னும் புதினத்திற்காக 1973-ஆம் ஆண்டிற்குரிய சாகித்திய அக்காதெமி விருதை இவர் பெற்றார். தமிழில் அவ்விருதைப் பெற்ற முதற் பெண்மணி இவரே. புதுவைப் பாவேந்தர் பாரதிதாசனுக்கு அவ்விருது 1969-இல் அவர் மறைந்த பின் வழங்கப்பட்டது.

மணலூர் மணியம்மையின் வரலாற்றை இவர் மீட்ட வகை இன்னும் வியப்புக்குரியது. காரைக்காலை அடுத்த கீழைத் தஞ்சைப் பகுதியில், அந்தணர் குடியில் பிறந்து இளமையிலேயே கணவனை இழந்த மணியம்மை, கைம்பெண் கோலத்தை உதறி வேட்டியும் சட்டையும் அணிந்து, பண்ணையாட்களின் உரிமைக்காக ஊர் ஊராகச் சென்றவர். 1953-இல் மான் ஒன்று முட்டியதால் உயிர் நீத்தார். அவரைப் பற்றிய எழுத்துச் சான்றுகள் அரிதாயிருந்தன. இராஜம் அவ்வூர்களுக்குச் சென்று, அவரை அறிந்த முதியோரிடம் கேட்டுக் கேட்டுத் தொகுத்து, ‘பாதையில் பதிந்த அடிகள்’ என்னும் நூலாக்கினார். அந்நூல் எழாதிருந்தால் அப்பெண்ணின் பெயர் அம்முதியோருடனே மறைந்திருக்கும்.

பிறர் துயரைத் தேடிச் சென்று எழுதியவரைத் தனிமைத் துயர் முதுமையில் தேடி வந்தது. மக்கட்பேறு இல்லை, கணவரும் மறைந்தார், கையிருந்த பொருளும் கரைந்தது. சென்னையில் விச்ராந்தி என்னும் முதியோர் இல்லத்தில் வாழ்ந்தார். பின்னர் நோயுற்று நெடுநாள் மருத்துவமனையிலேயே இருக்க நேர்ந்தது. ஆசிரியர் மறைந்த பின்னரே நூல்களை நாட்டுடைமையாக்குவது பெருவழக்கு. தமிழக அரசு இவர் உயிரோடிருக்கையிலேயே 2009-இல் இவர் நூல்களை நாட்டுடைமையாக்கிப் பரிவுத் தொகை அளித்தது. 2014 அக்டோபர் 20-ஆம் நாள் தம் 88-ஆம் வயதில் அம்மையார் இயற்கை எய்தினார். ‘கரிப்பு மணிகள்’ உள்ளிட்ட அந்நூல்களை இன்று எவரும் அச்சிட்டு வெளியிடலாம்.