சிறுவன் கொண்டுவந்த கடற்பஞ்சு

யுத்த காலத்தில் மன்னார் அரிப்புப் பக்கத்திலிருந்து இடம்பெயர்ந்த விவசாயக் குடும்பமொன்று, ஹட்டன் பகுதித் தோட்டமொன்றில் உறவினரின் லயத்து அறையில் தங்கியிருந்தது. வயலும் மாடுகளும் போய்விட்டன. மகனின் பைக்குள் மட்டும், அவன் கடற்கரையில் பொறுக்கிய துளை துளையான காய்ந்த கட்டியொன்று இருந்தது. "சுவாமி, இது செடியா, பிராணியா?" என்று கேட்டான். குருமடத்தில் தத்துவம் படித்த எமக்குச் சட்டென விடை வரவில்லை. பிறகு தேடிப் படித்ததையே இங்கு தருகிறோம்.

அது கடற்பஞ்சு. பிராணிதான். ஆனால் வாய், வயிறு, இதயம், நரம்பு எதுவுமில்லை. ஓரிடத்தில் ஒட்டியே வாழ்வதால் அறிஞர்களும் நெடுங்காலம் தடுமாறினார்கள். 1825 அளவில் ஸ்கொட்லாந்தில் றொபேட் கிறான்ற் என்பவர் உயிருள்ள கடற்பஞ்சொன்றை உருப்பெருக்கியில் பார்த்தபோது, பெரிய துளை வழியே நீர் பீறிட்டு வெளியேறக் கண்டார். சிறு துளைகளால் நீர் உள்ளே போகிறது. உட்புறக் கலங்கள் சவுக்கு போன்ற இழைகளை அடித்து அதை ஓட்டுகின்றன. பக்ரீரியா முதலிய நுண்ணிய உணவை வடித்து எடுக்கின்றன. 'துளை தாங்கி' என்று பொருள்படும் பொரிபெரா என்ற பெயரைக் கொடுத்தவரும் அவரே.

இன்று பெயரிடப்பட்ட இனங்கள் 9,000க்கு மேல். இவற்றை வகைப்படுத்த உடலுக்குள் இருக்கும் நுண்முட்கள் பெரிதும் உதவுகின்றன. சுண்ணாம்பு முள்ளுடையவை ஒரு வகுப்பு. ஆறு கதிர்க் கண்ணாடி முள்ளுடன் பெரும்பாலும் ஆழ்கடலில் வாழ்பவை இன்னொன்று. ஐந்தில் நான்குக்கு மேற்பட்டவை மூன்றாம் வகுப்பாகிய டெமோஸ்பொஞ்சுகள். அதிலிருந்து அண்மைக் காலத்தில் பிரித்த சிறு கூட்டம் நான்காவது. உடம்பு தேய்க்கும் இயற்கைப் பஞ்சில் முள்ளே கிடையாது, நார் மட்டுமே. (நம் கடைகளில் தொங்குவது பெரும்பாலும் பிளாஸ்ரிக்!)

சிறுவனின் ஊர்க் கடலுக்கும் இதில் பங்குண்டு. முத்துக்குளிப்பு பொய்த்துவந்த காரணத்தை ஆராய 1902இல் பேராசிரியர் ஹேர்ட்மன் மன்னார் வளைகுடாவுக்கு வந்தார். அவர் சேகரித்த கடற்பஞ்சுகளை ஆர்தர் டெண்டி ஆராய்ந்து 1905இல் அறிக்கையிட்டார். முத்துச்சிப்பியின் ஓட்டைத் துளைத்துக் குடியேறும் இனமொன்றுக்கு அந்தச் சிப்பியின் பெயரையே சூட்டினார்.

1907இல் அமெரிக்காவில் வில்சன் என்பவர் செய்த பரிசோதனையைச் சொல்லாமல் விட மனமில்லை. உயிருள்ள கடற்பஞ்சைப் பட்டுத் துணியில் இட்டுப் பிழிந்தார். கலங்கள் தனித்தனியே சிதறி அடியில் படிந்தன. பிறகு மெல்ல ஊர்ந்து, ஒன்றையொன்று தொட்டு ஒட்டி, சில நாட்களில் மறுபடி கடற்பஞ்சாகின.

இதைக் கேட்டதும் சிறுவன், "நான் வைத்திருப்பதைத் தண்ணீரில் போட்டால் உயிர் வருமா?" என்றான். வராது, அது வெறும் எலும்புக்கூடு என்றோம். குளங்களில் வாழும் நன்னீர்ப் பஞ்சுகளோ, கோடையில் வற்றினாலும் கடுகு போன்ற முகைகளை விட்டுச் செல்லும். மழை வந்ததும் அவை முளைக்கும். "அப்படியானால் குளத்தில் தேடுவேன்" என்றான். கட்டியை மட்டும் திரும்பப் பைக்குள் வைத்துக்கொண்டான்.