மீசை முளைத்த பிறகும் ‘சின்னப் பிள்ளை’தானா?

“அவன் இன்னும் சின்னப் புள்ள ஹஜ்ரத், போகப் போகத் திருந்திக்குவான்.”

பள்ளிவாசலில் இமாமாக இருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. பெரும்பாலும் தாய்தான் சொல்வார். பிள்ளைக்கு வயது 17 இருக்கும், சில வீடுகளில் 19. தொழுகை இல்லை, நோன்பு அரைகுறை. ஆனால் கையில் போன் இருக்கிறது, வாசலில் பைக் நிற்கிறது. அவனுக்கு இரண்டு வயது இளைய தங்கையோ, பெரியவளான நாளிலிருந்தே பெரிய மனுஷி. அப்படி இருக்காதே, இப்படிச் சிரிக்காதே என்று ஆயிரம் சட்டம். ஆனால் வீட்டில் ஒரு முடிவு எடுக்கும்போது அவள் கருத்தை யாரும் கேட்பதில்லை.

ஆண் பிள்ளைக்குக் கடமை இல்லாத உரிமை, பெண் பிள்ளைக்கு உரிமை இல்லாத கடமை. மார்க்கம் இதைச் சொல்லித் தரவில்லை.

பருவமடைந்த நிமிடத்திலிருந்து ஆணும் பெண்ணும் ‘முகல்லஃப்’, அதாவது மார்க்கக் கடமைகள் சுமத்தப்பட்டவர்கள். விடுகிற ஒவ்வொரு தொழுகையும் அன்றிலிருந்து களா கணக்கில் ஏறும். உடலில் அடையாளம் எதுவும் தெரியாவிட்டால் 15 வயது எல்லை. இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களின் சொல் இதுதான். இமாம் அபூஹனீஃபா (ரஹ்) ஆணுக்கு 18, பெண்ணுக்கு 17 என்று சொன்னாலும், அவர்களின் இரு மாணவர்களும் 15 என்றே சொன்னார்கள். ஹனஃபி மத்ஹபில் ஃபத்வாவும் அதன்படிதான். இந்த 15 பிறை ஆண்டுக் கணக்கு. ஆங்கிலக் கணக்கில் பார்த்தால் 14 வயதும் ஆறரை மாதமும். உங்கள் பிள்ளை அப்போது ஒன்பதாம் வகுப்பிலோ பத்தாம் வகுப்பிலோ இருப்பான்.

இப்னு உமர் (ரலி) 14 வயதில் உஹதுப் போருக்கு வந்து நின்றார்கள். நபி (ஸல்) அவர்கள் அனுமதிக்கவில்லை. அகழ்ப்போரின்போது வயது 15, அனுமதி கிடைத்தது. பிற்காலத்தில் இச்செய்தியைக் கேட்ட கலீஃபா உமர் இப்னு அப்துல் அஸீஸ் (ரஹ்), சிறியவருக்கும் பெரியவருக்கும் இதுவே எல்லை என்று முடிவு செய்து, 15 வயதை அடைந்தவர்களுக்கு உதவித்தொகை வழங்கும்படி ஆளுநர்களுக்கு எழுதினார்கள். ஆர்வத்தோடு வந்த 14 வயதுப் பிள்ளையைத் திருப்பி அனுப்பியதையும் நாம் கவனிக்க வேண்டும். அவசரப்படுத்துவதும் மார்க்கமல்ல.

‘டீன் ஏஜ்’ என்று ஒரு தனிப் பருவமே இல்லையா என்று கல்லூரிப் பிள்ளைகள் கேட்கிறார்கள். அமெரிக்க உளவியலாளர் ஸ்டான்லி ஹால் 1904ல் வளரிளம் பருவத்தைப் பற்றி இரண்டு பாகங்களில் பெரிய நூல் எழுதினார். அதைப் புயல் வீசும் பருவம் என்றார். மனக் கொந்தளிப்பு உண்மைதான், யாரும் மறுக்கவில்லை. அந்த வயதுப் பிள்ளையிடம் கனிவாகப் பேச அது காரணமாகலாம். தொழுகையை விடக் காரணமாகாது.

கனிவு என்றதும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். குளிப்பு கடமையாவது பற்றி மகனிடம் பேசிய அத்தாமார்கள் நம்மில் எத்தனை பேர்? வெட்கம் என்கிறோம். நாம் வெட்கப்பட்டு விட்டதைப் பிள்ளை போனில் தேடிக்கொள்கிறான், அங்கே என்ன கிடைக்கும் என்று உங்களுக்கே தெரியும். பெண்ணுக்குக் கனவில் ஸ்கலிதமானால் குளிப்பு உண்டா என்று உம்மு சுலைம் (ரலி) நபியவர்களிடமே கேட்டார்கள், பதிலும் பெற்றார்கள். அத்தா சபரில் இருந்தால் மாமாவோ பெரியத்தாவோ உஸ்தாதோ சொல்லிக் கொடுக்கட்டும்.

பைக் விஷயம் அதைவிட மோசம். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019ல் சேர்த்த 199ஏ பிரிவின்படி, 18 வயதாகாதவர் வண்டி ஓட்டிக் குற்றம் புரிந்தால் பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டிப் பதிவு 12 மாதம் ரத்தாகும், ஓட்டியவனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடைக்காது. பஜ்ருக்கு எழுப்ப மனம் வராத பிள்ளையிடம் வண்டிச் சாவியைக் கொடுக்க மட்டும் எப்படி மனம் வருகிறது?

பருவமடைவது முதல் வாசல். இரண்டாவது வாசல் ஒன்று உண்டு, அதன் பெயர் ‘ருஷ்து’. பொருளைப் பொறுப்பாகக் கையாளும் பக்குவம். அநாதைகளைச் சோதித்துப் பார்த்து, பக்குவம் தெரிந்தால்தான் அவர்களின் சொத்தை ஒப்படைக்க வேண்டும் என்று அந்நிஸா அத்தியாயம் 6ஆம் வசனம் கட்டளையிடுகிறது. பக்குவம் வராதவனிடம் 25 வயது வரை சொத்தை ஒப்படைக்காமல் வைத்திருக்கலாம் என்பது இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் கருத்து.

எப்படிச் சோதிப்பது? இமாம் நவவி (ரஹ்) தம் மின்ஹாஜில் விளக்குகிறார்கள். வியாபாரி மகனை வாங்கல் விற்றலிலும் பேரம் பேசுவதிலும், விவசாயி மகனைச் சாகுபடியிலும் ஆட்களுக்குச் செலவிடுவதிலும் பார்க்க வேண்டும். பெண்ணுக்கு அக்கால வழக்கப்படி பஞ்சும் நூற்பும். ஒருமுறை பார்த்தால் போதாது, இரண்டு மூன்று முறை பார்க்க வேண்டும். அதுவும் பருவமடையும் முன்பே தொடங்க வேண்டும். பருத்தியும் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் விளையும் நம் பெரம்பலூர், அரியலூர்ப் பகுதிக்கு இதைவிடப் பொருத்தமாக யார் எழுத முடியும்!

நாம் செய்வது தலைகீழ். லெப்பைக்குடிக்காட்டிலும் வி.களத்தூரிலும் வளைகுடா சம்பாத்தியத்தை நம்பி நிற்கும் குடும்பங்கள் நிறைய. 20 வயது வரை ஆயிரம் ரூபாய்க்குக் கணக்குக் கேட்காமல் வளர்த்த பிள்ளையை, 21ல் ஏஜெண்டுக்குக் கடன் வாங்கிக் கட்டி விமானம் ஏற்றுகிறோம். ஒப்பந்தத்தைப் படிக்கத் தெரியாது, சம்பளத்தில் எவ்வளவு மிச்சம் பிடிப்பது என்றும் தெரியாது. முதல் சோதனையே பாலைவனத்தில்! அதற்கு முன் மாத மளிகைக் கணக்கை ஒரு வருடம் அவன் பார்த்திருக்கலாம். ரமளானில் நோன்புக் கஞ்சிக் கணக்கை 18, 19 வயது இளைஞர்கள் இருவரிடம் கொடுத்து, வாரம் ஒருமுறை ஜமாஅத் பெரியவர்கள் சரிபார்க்கலாம். முதல் வாரம் கணக்கு உதைக்கும், உதைக்கட்டுமே.

அந்த விசாவுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது? பல வீடுகளில் தங்கையின் நகையிலிருந்து. வட்டிக்கு அடகு வைப்பது ஒரு பாவம். அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் வைப்பது இன்னொன்று. ‘இது உனக்கு’ என்று கொடுத்து அவள் உடைமையாக்கிய நகை அவளுடையது. பருவமடைந்த பெண்ணின் பொருளை அவள் மனப்பூர்வமான சம்மதமின்றி எடுக்க அத்தாவுக்கும் அனுமதியில்லை, அண்ணனுக்கும் இல்லை. ஹனஃபி மத்ஹபின்படி பருவமடைந்ததிலிருந்து அந்த நகைக்கு ஜகாத்தும் அவள் மீதே கடமை. 87.48 கிராம், ஏறக்குறைய 11 பவுன் இருந்து பிறைக் கணக்கில் ஓராண்டு கடந்தால் கொடுக்க வேண்டும். கையில் ரொக்கமும் சேர்ந்திருந்தால் கணக்கு மாறும். ஷாஃபிஈ மத்ஹபினருக்கு அணியும் நகையில் சட்டம் வேறு, உங்கள் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

எந்த நகை தாயுடையது, எது மகளுக்குக் கொடுக்கப்பட்டது என்பதே பல வீடுகளில் யாருக்கும் தெரியாது. தாயும் மகளும் ஒருநாள் உட்கார்ந்து, எடையோடு ஒரு நோட்டில் எழுதி, கொடுத்த தேதியையும் குறித்து, அந்த நோட்டை மகளிடமே கொடுத்துவிடுங்கள்.