நாலு மருந்து, ஆறு மாதம்

படவேலையாகப் புனே சென்ற புதுமைப்பித்தன் அங்கே காசநோய்க்கு ஆளானார். 1948 ஜூன் 30 அன்று அவர் காலமானபோது வயது 42தான். அதே ஆண்டில்தான் ஸ்ட்ரெப்டோமைசினைச் சோதித்த பிரிட்டிஷ் ஆய்வும் வெளிவந்தது. ஊசி போட்டுக்கொண்டவர்கள் முதலில் நன்றாகத் தேறினார்கள். ஆனால் சில மாதங்களுக்குள் பலருடைய சளியிலிருந்த கிருமிகள் அந்த மருந்துக்கு மசிய மறுத்தன.

ஏன் இப்படி? இதில் ஒரு கணக்கு இருக்கிறது. நுரையீரலில் குழிந்துபோன ஒரு புண்ணில் 10 கோடி கிருமிகள் வரை இருக்கலாம். ஐசோநயசிட் என்ற மருந்துக்கு மசியாத கிருமி, இயற்கையாகவே, ஏறக்குறைய 10 லட்சத்துக்கு ஒன்று உண்டு. ஆக, அந்தக் குழிக்குள் அப்படிப்பட்டவை 100 இருக்கும். இந்த ஒரு மருந்தை மட்டும் கொடுத்தால் மற்றவை சாகும். அந்த 100 மட்டும் பிழைத்துப் பெருகும். ரிஃபாம்பிசினுக்கு மசியாதது 10 கோடிக்கு ஒன்றுதான். இரண்டையும் ஒருசேர எதிர்த்து நிற்கும் கிருமி தானாகவே தோன்ற வேண்டுமானால், 10 கோடியை 10 லட்சத்தால் பெருக்கிப் பார்க்க வேண்டும். அவ்வளவு கிருமி எந்த உடம்பிலும் இராது. கூட்டு மருந்தின் சூட்சுமம் இவ்வளவுதான்.

இன்று முதல் 2 மாதம் ஐசோநயசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு, எதாம்பியூட்டால் ஆகிய நான்கும் தரப்படுகின்றன. அடுத்த 4 மாதம் பைரசினமைடு நீங்கலாக மற்ற மூன்றும். எடைக்குத் தக்கபடி ஒரே மாத்திரையில் சேர்த்தே கொடுக்கிறார்கள். ரிஃபாம்பிசினால் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகும், பயப்பட வேண்டாம். கண் மஞ்சளித்தாலோ பார்வை மங்கினாலோ உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

நோயாளியை ஊருக்கு வெளியே சானடோரியத்தில் வைத்துத்தான் குணப்படுத்த முடியும் என்று உலகமே நம்பியிருந்த காலம் ஒன்று உண்டு. அதை மாற்றியது நம் சென்னை. 1956இல் அங்கே தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், ஏழை நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு வீட்டிலும் மறு பகுதியினருக்குச் சானடோரியத்திலும் ஓராண்டு ஒரே கூட்டு மருந்தைத் தந்தது. வீட்டிலிருந்தவர்களுக்குச் சத்தான உணவும் இல்லை, ஓய்வும் குறைவு. ஆனாலும் குணமானவர்களின் விகிதத்தில் பெரிய வேறுபாடு இல்லை. வீட்டாருக்கும் அதனால் நோய் கூடுதலாகத் தொற்றவில்லை. 1959இல் வெளியான இந்த முடிவைப் பற்றி நம்மவர்கள் ஏனோ அதிகம் பேசுவதில்லை.

வீட்டில் இருந்தபடியே சிகிச்சை என்றால், மாத்திரையை விழுங்கும் பொறுப்பும் வீட்டாருடையதாகிறது. இரண்டாம் மாதத்திலேயே இருமல் நின்று, பசியெடுத்து, எடையும் கூடிவிடும். 'இனி எதற்கு?' என்று தோன்றும். பெண்ணுக்கு வரன் பார்க்கும் வீடாக இருந்தால் மாத்திரை அட்டையையே ஒளித்து வைப்பார்கள். ஆனால் மெதுவாகப் பெருகும் கிருமிகள் அப்போதும் உள்ளே இருக்கும். நடுவில் நிறுத்தினால் நோய் திரும்பலாம். மருந்தை ஒழுங்கில்லாமல் விட்டுவிட்டுச் சாப்பிட்டால், மசியாத கிருமிகளும் தலையெடுக்கலாம். பிறகு வேறு மருந்துகள், கூடுதல் தொல்லை.

நம் போன்றவர்களுக்கு இன்னொரு சிக்கல், இடமாற்றம். வேலை மாறும், பிள்ளைகளின் விடுமுறைக்கு ஊருக்குப் போவோம், மருந்து விட்டுப்போகும். அரசுத் திட்டத்தில் பதிவு செய்தவர்களுக்கு நிக்ஷய் எண் ஒன்று உண்டு. கிளம்புவதற்கு முன் மருந்து தரும் மையத்தில் சொன்னால், போகிற ஊருக்குச் சிகிச்சையை மாற்றித் தருவார்கள். தாராவியில் தொடங்கியதைத் திருநெல்வேலியில் முடிக்கலாம். சளிப் பரிசோதனையும் மருந்தும் இலவசம். 2 வாரத்துக்கு மேல் நீடிக்கும் இருமல் என்றால் அந்தச் சோதனைக்குப் போய்விடுவது நல்லது.